ஆடிக் காற்றும் தோல் வறட்சியும்: குளித்து முடித்த முதல் மூன்று நிமிடம்

(காட்சி: பணகுடிப் பக்கம் வேகமாகச் சுற்றும் காற்றாலைகள்)

வணக்கம். ஆனி பிறந்து இந்தக் காற்றாலைகள் வேகமெடுக்கும்போது நம் வீடுகளில் இன்னொன்றும் ஆரம்பிக்கும். உதடு வெடிக்கும். முழங்காலுக்குக் கீழே நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும். ராத்திரி படுத்த பிறகு காலைச் சொறிந்துகொண்டே இருக்கத் தோன்றும். தோல் வறட்சி மார்கழிப் பனியில் வருவது என்று பொதுவாகச் சொல்வார்கள். திருநெல்வேலிச் சீமையில் ஆனி, ஆடி, ஆவணியையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காரணம் மலை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் இருந்து ஈரத்தோடு வருகிறது. அந்த ஈரத்தில் பெரும்பகுதியைக் கேரளப் பக்கமே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கக் காற்று சூடாகும், ஈரப்பதம் குறையும். செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும்போது வேகமும் கூடும். குற்றாலத்தில் சாரல் விழுகிற அதே நாளில் ஆலங்குளம் தாண்டினால் புழுதிக் காற்றுதான். அருவியில் குளித்துவிட்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தவர்களைக் கேளுங்கள், திருநெல்வேலி வருவதற்குள் முகம் இழுத்துப் பிடிக்கும் என்பார்கள்.

(காட்சி: தோலின் மேலடுக்கு, எளிய படம்)

ஏன் இழுக்கிறது? தோலின் மேலடுக்கில் தட்டையான செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றின் இடைவெளியில் செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் நிறைந்திருக்கும். உடம்புக்குள் இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் போகாமல் தடுப்பது இந்தக் கொழுப்பு. இது குறைந்தால் தண்ணீர் வெளியேறும், மேலடுக்கு சுருங்கும், பொருக்கு தட்டும். கொழுப்பு குறைந்த தோலில் காய்ந்த காற்று அடித்தால் பாதிப்பு இரட்டிப்பாகும்.

காற்றை நாம் நிறுத்த முடியாது. ஆனால் அந்தக் கொழுப்பைத் தினமும் குளியலறையில் கழுவி விடுகிறோமே, அதை நிறுத்தலாம்.

நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை உள்ளது, பி.எச். எனப்படும் அமில, கார அளவு சுமார் 5. சாதாரண சோப்பு காரம், 9 அல்லது 10. அழுக்கோடு சேர்த்துத் தோலின் கொழுப்பையும் அது எடுத்துவிடும். இதோடு நம் ஊர்த் தண்ணீரையும் சேர்த்துப் பாருங்கள். தாமிரபரணித் தண்ணீரில் குளிப்பவர்கள் பாக்கியவான்கள். ராதாபுரம், நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கம் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். அதில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத ஒரு படிவத்தை உண்டாக்கும். வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறதே, அது உங்கள் மேலிலும் படிந்து உறுத்தும். நுரை வரவில்லை என்று சோப்பை இன்னும் அழுத்தித் தேய்ப்போம், அதனால் வறட்சி இன்னும் கூடும்.

அதனால் சோப்பை அக்குள், கவட்டி, பாதம், வேர்த்த இடம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கைகால் முழுக்க நுரைக்க வேண்டியதில்லை, தண்ணீர் போதும். பீர்க்கங்கூடால் உரசுவது வேண்டாம். வென்னீர் என்றால் வெதுவெதுப்பு, அதற்கு மேல் சூடு வேண்டாம். ஊறல், அதாவது அரிப்பு, எடுக்கிற காலில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், அரை மணியில் இரண்டு மடங்கு ஊறும்.

சரி, எண்ணெய்க் குளியல் எடுக்கிறோமே, அது போதாதா என்று பல ஆச்சிமார் கேட்பார்கள். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்ப்பது நல்ல பழக்கம். ஆனால் தேய்த்த எண்ணெயை சீயக்காயும் பாசிப்பயறு மாவும் போட்டு ஒட்ட எடுத்துவிடுகிறோம். இரண்டும் எண்ணெயை உறிஞ்சி எடுப்பதில் கெட்டி. குளித்து வெளியே வரும்போது தோலில் பாதுகாப்பு ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. சீயக்காய் தலையோடு நிற்கட்டும், மேலுக்கு வேண்டாம்.

எண்ணெய் வேண்டியது குளித்த பிறகு. இந்த வீடியோவில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

(காட்சி: துண்டால் ஒற்றி எடுக்கும் கை, உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய்)

துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மேல் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், எண்ணெயோ களிம்போ தடவிவிட வேண்டும். குளிக்கும்போது மேலடுக்கு உறிஞ்சி வைத்த தண்ணீர் ஆவியாகும் முன் அதற்கு மேல் ஒரு மூடி போடுகிறோம். சாயங்காலம், காய்ந்து கிடக்கிற காலில் தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளப்பு வரும். ஆனால் உள்ளே பிடித்து வைக்க ஈரம் அவ்வளவாக இருக்காது. எண்ணெய் தண்ணீரை உண்டாக்காது, இருப்பதைக் காக்கும், அவ்வளவுதான்.

எதைத் தடவலாம்? வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெய் கை, கால், உடம்புக்கு நன்றாகவே உதவும். பரு வருகிற முகத்துக்கு மட்டும் வேண்டாம். பெட்ரோலியம் ஜெல்லி, அதாவது வாசலின், ஈரத்தை மூடுவதில் எண்ணெயை விடக் கெட்டி. பிசுபிசுப்பதால் ராத்திரிக்குச் சரி. கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதை அப்படியே பூசாமல் தண்ணீர் கலந்து தடவி, மேலே எண்ணெய் பூசுங்கள். குதிகால் தடித்து வெடித்தவர்களுக்கு யூரியா கலந்த களிம்பு மருந்துக் கடையில் கிடைக்கும். திறந்த வெடிப்பில் எரியும், அதனால் புண் ஆறிய பிறகு தடவுங்கள்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுக்க ஒரு தடவை பூச சுமார் 20 கிராம் களிம்பு வேண்டும். 50 கிராம் டியூபை ஒரு மாதம் ஓட்டினால் எந்தக் களிம்பும் வேலை செய்யாது. விலை உயர்ந்ததைத் துளித்துளியாகத் தடவுவதை விட, மலிவானதைத் தாராளமாகத் தடவுவது மேல்.

நிறையத் தண்ணீர் குடித்தால் தோல் வறட்சி போய்விடும் என்கிறார்கள். வெயிலில் வேலை பார்ப்பவர்கள் கட்டாயம் குடிக்க வேண்டும். ஆனால் உடம்பில் தண்ணீர் குறைவில்லாதவருக்கு, கூடுதலாக நாலு செம்பு குடிப்பதால் தோல் அவ்வளவாக மாறாது. ஓட்டை மேலடுக்கில் இருக்கிறது.

(காட்சி: மடியில் சுளகு, பீடி சுற்றும் விரல்கள்)

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று இந்த வட்டாரம் முழுக்கப் பீடி சுற்றும் அக்காமார் இருக்கிறார்கள். அவர்கள் விரல்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நனைத்த இலையைப் பிடித்துப் பிடித்து ஈரம், உடனே புகையிலைத் தூளின் உரசல், நாள் முழுக்க மாறி மாறி நடக்கிறது. விரல் நுனி காய்ந்து வெடிப்பது அதனால்தான். வேலை நடுவில் களிம்பு தடவச் சொன்னால் இலை வழுக்கும், ஒருவரும் கேட்கப் போவதில்லை. அதனால் ராத்திரி. கையைக் கழுவி, ஒற்றி எடுத்து, வாசலினைத் தடவி, மெல்லிய பருத்திக் கையுறையோ பழைய காலுறையோ மாட்டித் தூங்குங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வெறும் விரலில் படாமல் ரப்பர் கையுறை போட்டால் இன்னும் நல்லது.

வயதானவர்களுக்கு எண்ணெய்ச் சுரப்பும் வேர்வையும் குறைந்துவிடும். தாத்தாமார் முழங்காலுக்குக் கீழே தோல், வற்றிய குளத்துக் கரம்பை மாதிரி வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குத் தினமும் இருவேளை தடவிவிட ஒரு ஆள் வேண்டும், குனிந்து காலைத் தொட அவர்களால் முடியாது. ஒரு எச்சரிக்கை. வாசலின் போன்றவை ஊறிய வேட்டி, சேலை, போர்வை எளிதில் தீப்பிடிக்கும். அதோடு அடுப்புப் பக்கமோ பீடி பற்றவைக்கவோ போகக் கூடாது.

பச்சைப்பிள்ளைகளின் தோல் மெல்லியது. சூடு தாங்காத வென்னீரும், முடி உதிர வேண்டும் என்று பயறு மாவு போட்டு உரசுவதும் தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம், எல்லா வறட்சியும் காற்றால் வருவதில்லை. தைராய்டு குறைபாடு, சிறுநீரக நோய், சில மாத்திரைகள் இவற்றாலும் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாத வெடிப்பு சின்ன விஷயம் இல்லை. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் வலி தெரியாமலே கிருமி உள்ளே போகும். பிளேடால் சீவாதீர்கள். விரல் இடுக்கில் களிம்பு வைக்காதீர்கள். தினமும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் ராத்திரி ஊறல், விரல் இடுக்கில் சின்னச் சின்னப் பொரி என்றால் அது சிரங்காக இருக்கலாம், மருந்து வேறு. வெளிறியோ சிவந்தோ ஒரு திட்டு, தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோய்க்குப் பரிசோதித்தாக வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கு மருந்து இலவசம், முழுசாகக் குணமாகும்.

ஊறலுக்கு என்று கேட்டவுடன் கடையில் எடுத்துக் கொடுக்கிற கலப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் ஊறல் அடங்கும், மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துவிடும். மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

இரண்டு மூன்று வாரம் சரியாகத் தடவியும் ஊறல் தூக்கத்தைக் கெடுத்தால், வெடிப்பில் நீர் கசிந்தால், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை தடவிய டியூப்கள், சோப்பு உறை, சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள்.