லைட் மை ஃபயர்: ஒரு பாட்டு, நாலு கை

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு பாட்டுதான். அறுபதுகளின் அமெரிக்க ராக் குழு தி டோர்ஸின் ‘லைட் மை ஃபயர்’. ஒரிஜினலைப் போட்டால் காப்புரிமை என்று வீடியோவைத் தூக்கிவிடுவார்கள், அதனால் தேவையான இடத்தில் கீபோர்டில் நானே வாசித்துக் காட்டுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டோர்ஸ் என்றாலே ஜிம் மாரிசன் முகம்தான் கண்ணில் வரும். அவர் பாடினார், அப்போ அவர்தான் எழுதியிருப்பார் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் இந்தப் பாட்டைக் கொண்டுவந்தது கிட்டாரிஸ்ட் ராபி க்ரீகர். அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. அவர் எழுதிய முதல் பாட்டுகளில் இது ஒன்று!

நடந்தது இதுதான். கையில் பாட்டு போதவில்லை, எல்லோரும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று மாரிசன் சொல்லிவிட்டார். சீக்கிரம் பழசாகிப்போகாத விஷயமாக எழுது என்பது அவர் க்ரீகருக்குச் சொன்ன யோசனை. க்ரீகர் நிலம், நீர், காற்று, நெருப்பு என்று யோசித்து நெருப்பைப் பிடித்துக்கொண்டார். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ப்ளே வித் ஃபயர்’ அவருக்குப் பிடித்த பாட்டு, அதுவும் ஒரு காரணம்.

சரணத்தின் கார்டுகளை, அதாவது சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களைக் கேளுங்கள். ஏ மைனர்... அப்புறம் எஃப் ஷார்ப் மைனர். [வாசிக்கிறார்] ஏ மைனர் ஸ்கேலில் இந்த இரண்டாவது கார்டுக்கு இடமே கிடையாது. மூன்று கார்டில் முடிகிற பாட்டு அலுத்துப்போய் வேறு ஏதாவது செய்து பார்க்கலாம் என்று போன க்ரீகர், நேராக இங்கே வந்து நிற்கிறார். பாட்டின் மயக்கம் பாதி இந்த ஒரு தாவலில் இருக்கிறது என்பேன்.

ஆனால் க்ரீகர் கொண்டுவந்தபோது அது கொஞ்சம் ஃபோக் ராக் சாயலில்தான் இருந்தது. ஒரு சரணம், ஒரு பல்லவி, அவ்வளவுதான். இரண்டாவது சரணம் மாரிசனுடையது. காதல் பாட்டுக்கு நடுவில் சிதை நெருப்பைக் கொண்டுவந்து வைத்தார் மனிதர். க்ரீகரின் நெருப்பு ஆசை, மாரிசனின் நெருப்பு சாவு. இரண்டையும் ஒரே மெட்டில் பாடும்போதுதான் பாட்டுக்கு ஒரு கனம் வருகிறது.

டிரம்மர் ஜான் டென்ஸ்மோர் ஜாஸ் பின்னணியில் வந்தவர். சரணத்தில் லத்தீன் சாயலில் ஒரு தாளம், பல்லவி வந்ததும் நேரான ராக் பீட். இந்த மாற்றத்தை நாம் தனியாகக் கவனிப்பதே இல்லை, ஆனால் பல்லவி வந்ததும் உடம்பு தானாக ஆடுவது இதனால்தான்.

அப்புறம் கீபோர்டு வாசிக்கும் ரே மன்சாரெக். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. பாட்டு தயார், ஆனால் ஆரம்பம் இல்லை. மற்ற மூவரையும் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிட்டு, தனியாக உட்கார்ந்து அந்த ஆர்கன் முகப்பைப் பிடித்ததாக மன்சாரெக் சொல்லியிருக்கிறார். ஜி, டி, எஃப், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், ஏ. [வாசிக்கிறார்] சின்ன வயதில் கற்ற பியானோவும், செவ்வியல் இசை மேதை பாக்கின் (Bach) இசையும் அப்படியே வெளியே வருகின்றன. அதே மனிதர் நடுவில் வரும் நீண்ட தனி வாசிப்பில் ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் பக்கம் சாய்ந்துவிடுகிறார். ஏ மைனர், பி மைனர் என்று இரண்டே கார்டு சுற்றிச் சுற்றி வரும், அதன் மேல் முதலில் ஆர்கன், பிறகு கிட்டார். க்ரீகர் ஃப்ளமெங்கோ என்ற ஸ்பானிய கிட்டார் பாணியைக் கற்றவர், தந்தியை மீட்டும் பிக் இல்லாமல் விரலால் வாசிப்பவர். அந்த வழுவழுப்பு அங்கே கேட்கும்.

1966 ஆகஸ்டில் ஹாலிவுட்டின் சன்செட் சவுண்ட் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். குழுவில் பேஸ் கிட்டார் கிடையாது, மேடையில் மன்சாரெக்கின் இடது கைதான் பேஸ். ஸ்டுடியோவில் அது போதாமல் லாரி நெக்டல் என்ற ஸ்டுடியோ கலைஞர் பேஸ் வாசித்தார். ஆல்பத்தில் அவர் பெயர் இல்லை. நாலு கை என்று தலைப்பு வைத்துவிட்டேன், இவரைச் சேர்த்தால் ஐந்து.

ஆல்பத்தில் பாட்டு ஏழு நிமிடத்துக்கு மேல். ரேடியோவுக்காகத் தயாரிப்பாளர் பால் ராத்சைல்ட் தனி வாசிப்பை வெட்டி மூன்று நிமிடத்துக்குள் சுருக்கினார். அந்தச் சுருக்கம்தான் 1967 ஜூலையில் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. வியாபாரத்துக்குச் சரி, கேட்பதற்கு எனக்குச் சரியில்லை.

1967 செப்டம்பர் 17, அமெரிக்க டிவியில் எட் சல்லிவன் ஷோ. ஒரு சொல் போதையைக் குறிக்கிறது, மாற்றிப் பாடுங்கள் என்றார்கள். மாரிசன் மாற்றாமலே பாடினார். மறுபடி அந்த நிகழ்ச்சிக்கு அவர்களைக் கூப்பிடவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் கலகக்காரர் என்று பெயர் வாங்கிக் கொடுத்த அந்தச் சொல் க்ரீகர் எழுதிய சரணத்தில் இருக்கிறது.

ஆல்பத்தில் எழுதியவர் என்ற இடத்தில் ‘தி டோர்ஸ்’ என்று மட்டும்தான் போட்டார்கள். வருமானம் சமமாக நாலு பங்கு. எந்த முடிவிலும் நால்வரில் ஒருவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். இதற்குச் சோதனை 1968இல் வந்தது. பியூக் கார் கம்பெனி விளம்பரத்துக்கு இந்தப் பாட்டைக் கேட்டது. மாரிசன் அப்போது ஊரில் இல்லை, மற்ற மூவரும் சரி சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்தவருக்கு வந்ததே கோபம்! பாட்டின் பெரும்பகுதியை எழுதிய க்ரீகருக்கு ஆட்சேபணை இல்லை, ஒரு சரணம் எழுதியவர்தான் கொதித்தார். எல்லோர் பெயரிலும் பொதுவாகப் போட்ட பாட்டு என்றால் அப்படித்தான், யாருடைய பங்கு எவ்வளவு என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

1969இல் ‘தி சாஃப்ட் பரேட்’ ஆல்பத்தில் அந்தப் பழக்கம் உடைந்தது. க்ரீகர் எழுதிய சில வரிகளைத் தன் பெயரில் ஏற்க மாரிசனுக்கு மனமில்லை, எழுதியவர் பெயரைத் தனித்தனியாகப் போடச் சொன்னார். அந்த ஆல்பத்தை இதற்கு அடுத்த வீடியோவில் பேசலாம். அதுவரை ‘லைட் மை ஃபயர்’ முழு ஏழு நிமிடத்தையும் ஒரு முறை டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுவிட்டு, எந்த இடத்தில் பீட் மாறுகிறது என்று கமென்டில் எழுதுங்கள்.