ஆபீஸில் டிரெயினிங் என்றதும் தலையாட்டிவிடாதீர்கள்

வணக்கம். பெங்களூரில் எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை பார்க்கிற நம் ஆட்களுக்கு அப்ரைசல் சமயத்தில் ஹெச்ஆரிடமிருந்து ஒரு படிவம் வரும், அடுத்த வருஷம் என்ன கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேட்டு. நிறைய பேர் போன வருஷம் எழுதியதையே எடுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

(திரையில்: காலிப் படிவம், 'இலக்கு' என்ற கட்டம் பெரிதாக)

இங்கே 'தலைமைப் பண்பை வளர்க்க வேண்டும்' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. 'மேனுவல் டெஸ்டிங்கிலிருந்து ஆட்டோமேஷனுக்கு மாற வேண்டும், பைத்தான் படிக்கிறேன், ஜூலையிலிருந்து வாரத்தில் ஒரு நாள் அந்த டீமோடு வேலை செய்ய அனுமதி வேண்டும்' என்று எழுதுங்கள். அந்தக் கடைசித் துண்டுதான் உயிர். 70-20-10 என்று ஹெச்ஆரில் சொல்வார்களே, 1980களில் அமெரிக்காவின் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் ஆய்வுகளிலிருந்து வந்தது அது: கற்பதில் 70 பங்கு வேலையில், 20 பங்கு கூட இருப்பவர்களிடம், 10 பங்குதான் வகுப்பில். எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை, ஆனால் வீடியோ பார்த்து வாங்கிய சர்டிஃபிகேட்டை மட்டும் வைத்து எந்த டீமும் உங்களைச் சேர்த்துக்கொள்ளாது.

அப்புறம் ஐஜேபி, அதாவது கம்பெனிக்குள்ளேயே வேறு வேலைக்கு மாறுவது. இப்போதைய இடத்தில் எத்தனை மாதம் முடித்திருக்க வேண்டும், மேனேஜரின் சம்மதம் விண்ணப்பிக்கும் முன்பே வேண்டுமா, தேர்வான பிறகா? இதை மெயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: பாண்ட் தாள்)

சரி, பாண்ட். டிரெயினிங் கொடுக்கும்போது, இத்தனை வருஷம் வேலையை விடமாட்டேன், விட்டால் இவ்வளவு பணம் தருகிறேன் என்று கம்பெனி எழுதி வாங்கும் தாள் அது. 'கோர்ட்டில் நிற்காது, போட்டுட்டுப் போ' என்று ரூம்மேட் சொல்வார். நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா பேங்க் வழக்கில், 3 வருஷம் முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது அரசு வங்கி, ஆள் எடுக்க ஆகும் செலவையும் கோர்ட் கணக்கில் எடுத்தது. அதனால் எல்லா பாண்டும் செல்லும் என்று ஆகிவிடாது, ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும்.

அதனால் தொகையைப் பாருங்கள், வேலை செய்த மாதங்களுக்கு ஏற்ப அது குறையுமா என்று கேளுங்கள், கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு நகல் வாங்குங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.