குண்டுச்சட்டிக்குள் ஓடிய குதிரை

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம். பிள்ளையின் படிப்பு சிறப்பது வீட்டிலா, பள்ளியிலா என்ற வழக்கில் நான் வீட்டின் பக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், வீட்டில் படிக்கும் பிள்ளை குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அந்தச் சட்டிக்குள் நடந்ததை நான் சொல்கிறேன்.

கட்டாயக் கல்விச் சட்டம் 2003ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த நம் சிங்கப்பூரில், கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற்று என் மகளை வீட்டில் படிக்க வைக்கிறேன். தொடக்கநிலை ஐந்துக்குரிய பின்னப் பெருக்கலில் அவளுக்கு ஓர் ஐயம் எழுந்தது. "பெருக்கினால் பெரிதாகத்தானே வேண்டும்? அரையையும் காலையும் பெருக்கினால் ஏன் எட்டில் ஒன்றாகச் சிறுத்துப் போகிறது?" நான் கட்டம் கட்டமாக வரைந்து விளக்கியும் அவள் முகம் தெளியவில்லை.

அடுப்படியில் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்த என் மாமியார், இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், "காலில் அரை அரைக்கால்தானே, கண்ணு?" என்றார். ஒரு சப்பாத்தியை எடுத்து மடித்தார்: அரை. மறுபடி மடித்தார்: கால். இன்னொரு முறை மடித்தார்: அரைக்கால். விரித்துக் காட்டினார். என் மகள் மடிப்புத் தடங்களை விரலால் தொட்டு எட்டுவரை எண்ணினாள். "அரைக்கால் என்ற சொல்லுக்குள்ளேயே பெருக்கல் இருக்கிறதம்மா!" என்று கத்தினாள். அடுத்தது என்ன என்று கேட்டாள். "மாகாணி" என்றார் பாட்டி. நான்காம் மடிப்புக்குச் சப்பாத்தி கிழிந்துவிட்டதால், அன்றைய தமிழ் முரசு நாளிதழின் ஒரு தாளை எடுத்து நான்கு முறை மடித்து விரித்தார், 16 கட்டங்கள்; ஒரு கட்டம் ஒரு மாகாணி. மாலையில் அவள் அப்பாவுக்கும் சப்பாத்தி மடித்துக் காட்டினாள். அவர் சாப்பாடு ஆறிப் போயிற்று.

நண்பரே, நாற்பது பிள்ளைகள் வரை அமரும் வகுப்பில் எவ்வளவு நல்ல ஆசிரியரும் ஒரு பிள்ளையின் ஒரு கேள்விக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்க முடியாது. அங்கே கணிதம் ஆங்கிலத்தில் ஒரு பாடவேளை, தமிழ் வேறொரு பாடவேளை; எங்கள் அடுப்படியில் இரண்டும் ஒரே சப்பாத்தியில் மடிந்தன. தரம் குறையும் என்றீர்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுத வேண்டும். அவ்வாண்டுத் தேசியப் பள்ளி மாணவர்களின் மதிப்பெண் வரிசையில், கீழிருந்து 33 விழுக்காட்டு நிலையையாவது எட்டியாக வேண்டும்.

என் மாமியார் சென்ற தைப்பூசத்துக்கு முன்பு காலமாகிவிட்டார். மகள் எந்நேரமும் உடனிருந்ததால்தான் அவருடைய கடைசி ஆண்டு முழுவதும் அவளுக்குக் கிடைத்தது. அந்த முரசுத் தாள் இன்றும் அவளுடைய கணிதப் புத்தகத்துக்குள் இருக்கிறது. யாரும் அதை நீவி மடிப்பைப் போக்கிவிடக் கூடாது என்று எங்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள், நடுவர் அவர்களே.