கல்லூரிக் கால்பந்துத் தேர்வும் ஷோகேஸ் போட்டிகளும்

(டாலஸ் வட்டாரத் தமிழ்ப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர்களே, சனிக்கிழமை ஆட்டங்களுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பெற்றோர்களே, பின்வரிசையில் கிளப் சீருடையோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நான் பயிற்சியாளர் அல்லேன். என் மகளின் கிளப் அணிக்குச் சில ஆண்டுகள் மேலாளராக இருந்தவன். வீரர் அட்டைகளைச் சரிபார்ப்பதும், விடுதி அறைகளைப் பதிவு செய்வதும், கல்லூரிப் பயிற்சியாளர்களுக்குக் கொடுக்க வேண்டிய அணிப் பட்டியலை அச்சிட்டு வைப்பதும் என் வேலைகளாக இருந்தன. அந்த வேலையில் இருப்பவருக்குப் பெற்றோர் நிற்கும் ஓரமும் கல்லூரிக்காரர்கள் அமரும் ஓரமும் ஒருசேரத் தெரியும் என்பதால்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

கால்பந்து ஆடும் பிள்ளைகள் உள்ள நம் வீடுகளில், பத்தாம் வகுப்பு நெருங்கியதும் ஒரே கேள்விதான் எழுகிறது: எந்த ஷோகேஸ் போட்டிக்குப் போனால் கல்லூரிக்காரர்கள் பார்ப்பார்கள்? கல்லூரிப் பயிற்சியாளர்கள் வந்து பார்ப்பதற்கென்றே பல கிளப் அணிகளை ஓரிடத்தில் கூட்டி நடத்தும் போட்டிதான் ஷோகேஸ். விமானச் சீட்டும் விடுதி அறையும் அந்தக் கேள்வியை நம்பியே பதிவாகின்றன. என் அனுபவத்தில், ஷோகேஸ் போட்டியில் கல்லூரிப் பயிற்சியாளர் முன்பின் தெரியாத ஒரு பிள்ளையைக் கண்டெடுப்பது அரிது. ஏற்கெனவே தம் பட்டியலில் இருக்கும் பிள்ளையைச் சரிபார்க்கவே அவர் வருகிறார். அந்தப் பட்டியலில் பெயர் ஏறுவது போட்டிக்குப் பல வாரங்களுக்கு முன்பே, களத்துக்கு வெளியே நடக்கும் வேலை. நாமோ பணத்தையும் பதற்றத்தையும் அந்த மூன்று நாள்களில் கொட்டிவிட்டு, முந்தைய வாரங்களைச் சும்மா விட்டுவிடுகிறோம்.

முதலில் இந்த அமைப்பு எப்படி உருவானது என்று சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2007இல் டெவலப்மென்ட் அகாடமி என்ற தேசிய லீகைத் தொடங்கியது; பின்னர் அதில் ஆடுகிறவர்கள் பள்ளி அணியில் ஆடக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்தின் நடுவே, அந்த லீக் மூடப்பட்டது. அதே ஆண்டில் ஆண் பிள்ளைகளுக்கு எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் லீகும் பெண் பிள்ளைகளுக்கு கேர்ல்ஸ் அகாடமி லீகும் எழுந்தன. பெண்களுக்கென 2009இல் தொடங்கிய ஈ.சி.என்.எல். என்ற கிளப் லீக் அப்போதே வேரூன்றியிருந்தது, 2017 முதல் அதில் ஆண்கள் பிரிவும் உண்டு. இந்த லீகுகள் அரிசோனா, கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் தங்களுக்கென ஷோகேஸ்களை நடத்துகின்றன. இவை தவிர சான் டியேகோவின் சர்ஃப் கப், வர்ஜீனியாவின் ரிச்மண்டில் நடக்கும் ஜெஃபர்சன் கப் போன்ற பழம்பெரும் போட்டிகளும் இருக்கின்றன.

இந்தப் போட்டிகள் வீண் என்று நான் சொல்லவில்லை. ஒரு கல்லூரி அணியில் தலைமைப் பயிற்சியாளரும் இரண்டு மூன்று உதவியாளர்களும்தான் இருப்பார்கள். அவர்களின் பயணச் செலவுக்கும் வரம்பு உண்டு. ஒரே பூங்காவில் இருபது களங்களில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஆடும்போது, மூன்று நாள்களில் ஓர் ஆண்டின் வேலையை முடித்துவிடலாம் என்பது அவர்களுக்கு நியாயமான கணக்கு. ஆனால் அவர்கள் அங்கே எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பெற்றோர் நிற்கும் ஓரத்துக்கு எதிர்ப்புறம், மூலைக்கொடிக்குச் சற்றுத் தள்ளி, கல்லூரிப் பெயர் பொறித்த சட்டையோடு மடக்கு நாற்காலியில் அமர்கிறார்கள். மடியில் அணிப் பட்டியல் அல்லது கைக்கணினி. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து வருவார்கள்; இருபது நிமிடம் பார்ப்பார்கள்; நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்துக் களத்துக்குப் போய்விடுவார்கள். பந்து ஒரு மூலையில் இருக்கும்போது அவர் கண் மறுமூலையில் நிற்கும் இடது பின்காவலர் மேல் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பந்தில்லாத நேரத்தில் அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது, தவறவிட்ட பந்துக்காகத் திரும்ப ஓடுகிறதா, மாற்றி வெளியே அழைத்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறது என்று பார்க்கத்தான் அவர் அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறார். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகம் பார்த்துப் பொருத்தம் கேட்ட பிறகுதானே வீட்டுப் படி ஏறுகிறார்கள், இதுவும் அப்படித்தான்.

அவர் உங்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாரே என்று கலங்க வேண்டாம். போட்டி நடந்துகொண்டிருக்கும்போது வீரர்களிடம் பேச்சுக் கொடுக்க, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிகள் இடம் தருவதில்லை. அதைவிட முக்கியமான விதி 2019இல் வந்தது. அதற்கு முன் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள்கூட, அங்கே சேர்ந்து ஆடுவதாகக் கல்லூரிகளுக்கு வாய்மொழியாக வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பதினான்கு வயதில், எந்தப் பாடம் பிடிக்கும் என்றே தெரியாத ஒரு பிள்ளையிடம் வாக்கு வாங்குவது கொடுமை என்பதை எல்லோரும் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டார்கள். இப்போது, என்.சி.ஏ.ஏ.வின் மூன்று பிரிவுகளில் உச்சமான முதல் டிவிஷன் கால்பந்தில், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 அன்றுதான் பயிற்சியாளர் பிள்ளையோடு நேரடியாகத் தொடர்புகொள்ளலாம்; கல்லூரிக்கு அழைத்துப் பேசுவது அந்த ஆகஸ்ட் 1 முதல். அந்தத் தேதிக்கு முன் நீங்கள் எழுதும் கடிதத்துக்குப் பதில் வராமலிருப்பது நிராகரிப்பு ஆகாது. பதில் எழுத அவர்களுக்கு அனுமதி இல்லை; படிக்கத் தடையில்லை.

ஆகவே அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் இன்று அதிகம் பேச வேண்டும். போட்டிக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன் அது போய்ச் சேர வேண்டும். தலைப்பிலேயே பட்டம் பெறும் ஆண்டு, ஆடும் இடம், கிளப் பெயர் ஆகியவை இருக்கட்டும். உள்ளே சட்டை எண், களத்தின் எண், ஆட்ட நேரம், பள்ளி மதிப்பெண், இரண்டு மூன்று நிமிடக் காணொளி, கிளப் பயிற்சியாளரின் தொடர்பு ஆகியவை வேண்டும். காணொளியில் ஒவ்வொரு காட்சி தொடங்கும்போதும் உங்கள் பிள்ளையைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். இருபத்திரண்டு பேரில் யாரைப் பார்ப்பது என்று அவர் தேடக்கூடாது. அந்தக் கல்லூரியின் ஆட்டம் ஒன்றையாவது பார்த்துவிட்டு, அதில் கவனித்த ஒன்றை ஒரு வாக்கியத்தில் எழுதினால் அக்கடிதம் மற்ற கடிதங்களிலிருந்து தனித்து நிற்கும். இதைப் பிள்ளைதான் எழுத வேண்டும். அப்பா எழுதிய கடிதம் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடுகிறது. நம் வீடுகளில் இந்தத் தவறு மிகுதியாக நடப்பதால் அழுத்திச் சொல்கிறேன்: எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள்.

ஐ.டி. கேம்ப் எனப்படும் கல்லூரிகளின் கட்டண முகாம்களுக்கும் அழைப்புகள் வரும். ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் பொது அழைப்பை ஆர்வத்தின் அடையாளமாக எண்ண வேண்டாம். குறிப்பிட்ட ஆட்டத்தையும் குறிப்பிட்ட செயலையும் சொல்லி வரும் அழைப்புக்கு மட்டும் பணம் செலவழிக்கலாம்.

அடுத்து உதவித்தொகை. முழு உதவித்தொகை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கிளப்புக்கு ஆண்டுதோறும் பல்லாயிரம் டாலர் கட்டும் குடும்பங்களை நான் அறிவேன். முதல் டிவிஷனில் ஆண்கள் கால்பந்து அணி ஒன்றுக்கு நெடுங்காலம் இருந்த உச்சவரம்பு 9.9 முழு உதவித்தொகைகளின் அளவு, பெண்கள் அணிக்கு 14. அதையும் இருபத்தைந்து, முப்பது பேருக்குப் பிய்த்துப் பகிர்ந்து கொடுத்தார்கள். கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்.சி.ஏ.ஏ.மீது வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்கு 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் அளித்த பின், அதை ஏற்ற கல்லூரிகளில் அந்த வரம்பு நீங்கி, அணியில் அதிகபட்சம் 28 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. இருபத்தெட்டுப் பேருக்கும் பணம் கொடுக்கலாம் என்பது விதி. கொடுக்கும் வசதி எத்தனை கல்லூரிகளுக்கு உண்டு என்பது வேறு செய்தி. முன்பு உதவித்தொகை இல்லாமலேனும் அணியில் ஒட்டிக்கொள்ள முடிந்த முப்பத்திரண்டாவது பிள்ளைக்கு இப்போது இடமே இல்லை என்பதுதான் இதில் எனக்கு வருத்தம் தரும் பகுதி.

ஆண் பிள்ளைகளின் பெற்றோர் இன்னும் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். முதல் டிவிஷன் ஆண்கள் கால்பந்தில் மூன்றில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டு மாணவர்கள்; ஜெர்மனியிலும் நார்வேயிலும் தொழில்முறை அகாடமிகளில் வளர்ந்து இருபது வயதில் வருகிறவர்களோடு பதினெட்டு வயதுப் பையன் போட்டியிடுகிறான். இன்னொன்று, 2018இல் தொடங்கிய டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயர் ஏறும் இணையப் பட்டியல். கல்லூரி மாறும் வீரர்களுக்கு இருந்த தடைகள் படிப்படியாக விலகிய பின், வளர்த்தெடுக்க வேண்டிய பள்ளி மாணவரைவிட, வேறொரு கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆடிக் காட்டியவரை எடுப்பது பயிற்சியாளருக்கு எளிதாகிவிட்டது. பெண்களுக்கு முதல் டிவிஷனில் ஏறத்தாழ 350 அணிகள் இருக்க, ஆண்களுக்கு ஏறத்தாழ 210தான். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டம் பெண்களுக்குத் திறந்துவிட்ட கதவு அது. அதில் நம் பெண் பிள்ளைகள் தாராளமாக நுழையலாம்.

இந்த இடத்தில் மூன்றாம் டிவிஷனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ள பிரிவு அது. அங்கே விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. ஹார்வர்ட், யேல் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்களின் ஐவி லீகிலும் கிடையாது. ஆனால் படிப்புத் தகுதிக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு. நல்ல மதிப்பெண் உள்ள பிள்ளைக்கு அந்தத் தொகை, முதல் டிவிஷனில் பிய்த்துக் கொடுக்கும் பங்கைவிடப் பெரிதாக இருப்பது சாதாரணம். ஆய்வகப் பாடங்களையும் பயிற்சியையும் ஒன்றாகச் சமாளிப்பதும் அங்கே எளிது. மூன்றாம் டிவிஷன் என்ற பெயரைக் கேட்டதும் உறவினரிடம் சொல்லக் கூச்சப்படும் பெற்றோர், அந்தக் கல்லூரி ஆட்டம் ஒன்றை ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். அந்த வேகத்தில் தொண்ணூறு நிமிடம் ஓட நம் பிள்ளைகளில் எத்தனை பேரால் முடியும் என்று பிறகு பேசலாம்.

செலவைப் பற்றிப் பேசும்போது, களத்துக்கு வரவே முடியாத பிள்ளைகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கிளப் கட்டணம் பல ஊர்களில் ஆண்டுக்கு மூவாயிரம் டாலரைத் தாண்டுகிறது. அதற்கு மேல் போட்டி நடத்துபவர் சொல்லும் விடுதியில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு; அந்தப் பதிவுகளைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன், தெரு முனையில் மலிவான அறை கண்ணெதிரே காலியாக இருக்கும், எடுக்க முடியாது. நம் டெக்சாஸின் நகடோச்சஸில் பிறந்து அமெரிக்க தேசிய அணியின் நட்சத்திரமான கிளின்ட் டெம்ப்சி, டாலஸ் கிளப்பில் ஆட ஒரு வழிக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் பயணம் செய்தவர். டென்னிஸ் ஆடிய அக்காவுக்கும் அவருக்கும் சேர்த்துச் செலவு செய்யப் பெற்றோரால் முடியாமல், ஒரு கட்டத்தில் அவர் கிளப் கால்பந்தை நிறுத்த வேண்டியிருந்தது. 1995இல் அக்கா இறந்த பிறகு மீண்டும் ஆட வந்தார். ஃபர்மன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நாட்டின் அணிக்காக 57 கோல்கள் அடித்தார். அவ்வளவு பெரிய திறமையே பாதியில் நின்றுபோயிருக்கலாம் என்றால், பெயர் தெரியாமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேர்! உங்கள் அணியில் பயணச் செலவு கட்ட முடியாத பிள்ளை இருந்தால், உங்கள் காரில் ஓர் இருக்கையும் உங்கள் அறையில் ஒரு படுக்கையும் கொடுங்கள். எங்கள் அணியில் அதைச் சத்தமில்லாமல் செய்த தாய்மார்கள் இருந்தார்கள்.

இன்னொன்றைச் சொல்லக் கடினமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். கல்லூரித் தொடர்புகள் கிளப் பயிற்சியாளரின் கையில் இருக்கின்றன என்ற அச்சத்தில், அவர் பிள்ளையை எல்லார் முன்னும் இழிவாகப் பேசினாலும் பெற்றோர் வாய்மூடி இருக்கிறார்கள். பெண்கள் தொழில்முறை லீகில் பயிற்சியாளர்கள் இழைத்த கொடுமைகளைப் பற்றி, அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனத்துக்காக விசாரித்த வழக்கறிஞர் சாலி யேட்ஸ் 2022 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, அந்தக் கலாசாரத்தின் வேர் இளையோர் கால்பந்திலேயே இருக்கிறது என்று தெளிவாகக் கூறியது. திட்டித்தான் வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடமும் உண்டு, அதை விட்டுவிடுவோம். புகார் செய்ய, விளையாட்டில் நடக்கும் கொடுமைகளை விசாரிக்கும் சேஃப்ஸ்போர்ட் மையம் இருக்கிறது. மின்னஞ்சல் எழுதத் தெரிந்த பிள்ளைக்குக் கிளப் பயிற்சியாளர் ஒருவரே கதவு அல்லர்.

கடைசியாக, அழைப்பு வந்து கல்லூரிக்கு நேரில் போகும் குடும்பங்களுக்கு. புதிய அரங்கையும் சீருடை அறையையும் காட்டுவார்கள். அவை எல்லாக் கல்லூரியிலும் அழகாகவே இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: என் இடத்தில் ஆடுகிறவர்களில் இந்த ஆண்டு எத்தனை பேர் பட்டம் பெற்றுப் போகிறார்கள்? சென்ற ஆண்டு டிரான்ஸ்ஃபரில் எத்தனை பேரை எடுத்தீர்கள்? நான்கு ஆண்டுகளுக்கு முன் முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்றும் அணியில் இருக்கிறார்கள்? முட்டி ஜவ்வு கிழிந்து ஓராண்டு ஆடாமல் இருந்தால் உதவித்தொகை என்ன ஆகும், அதை எழுத்தில் தருவீர்களா? இந்தக் கேள்விகளைப் பிள்ளையே கேட்கட்டும். பயிற்சியாளர் அறையை விட்டுப் போன பிறகு, அங்கே ஆடும் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியே பிடித்து அதே கேள்விகளை மறுபடி கேட்கட்டும். இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் ஊர் திரும்பி அந்தக் கல்லூரியைப் பற்றி யோசிக்கலாம். நன்றி, வணக்கம்.