மாட்டு வண்டியில் வந்திருக்கலாமே என்று கேட்ட அண்ணாச்சிக்கு

(பணகுடிப் பக்கம் ஓர் அம்மன் கோயில் கொடையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: பெட்ரோல், டீசல் விலை ஏற்றத்துக்குத் தீர்வு, உள்நாட்டில் எண்ணெய் எடுப்பதா, எண்ணெய்த் தேவையைக் குறைப்பதா? "தேவையைக் குறைப்பதே" அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, விழாக் குழுவினரே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். அவ்வளவுதான், மாலை போட்டவர்கள் பேரையெல்லாம் வாசிக்க ஆரம்பித்தால் எனக்குக் கொடுத்த நேரம் அதிலேயே போய்விடும்.

எதிரணித் தலைவர் பேசும்போது என்னைக் கை காட்டி ஒரு கேள்வி கேட்டார், நீங்களும் பலமாகக் கை தட்டினீர்கள். "பூமியைத் தோண்டாதே, கடலைத் துளைக்காதே என்கிறாரே, இந்தத் தம்பி மேடைக்கு எதில் வந்தார்? பெட்ரோல் வண்டியில்தானே வந்தார்? மாட்டு வண்டியில் வந்திருக்கலாமே!" என்றார். நல்ல கேள்வி. நான் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்தேன். பணகுடியில் இறங்கினேன். அங்கிருந்து இந்த ஊருக்கு வண்டி இல்லாமல் நின்றபோது ஒரு மகராசன் பைக்கை நிறுத்தி, "ஏறும்வே, நானும் அங்கதான் போறேன்" என்று கூட்டி வந்தார். அந்த மகராசன் யார் தெரியுமா? அதோ உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறாரே, அவர்தான்! அண்ணாச்சி, நான் வந்த பெட்ரோல் உங்கள் பெட்ரோல். ஒரு வண்டியில் ஒருத்தர் போகிற பெட்ரோலில் ரெண்டு பேர் வந்திருக்கிறோம், என் கட்சி அதைத்தான் சொல்கிறது. வழியெல்லாம் என் கட்சியை நடத்திக் காட்டிவிட்டு இங்கே வந்து எதிர்த்துப் பேசுகிறீர்களே!

இன்னொன்று, மாட்டு வண்டி என்றால் என்ன, கேவலமா? மாடு வைத்திருக்கிறவர்கள் நாலு பேராவது இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். புண்ணாக்கு விலை ஏறினால் மாட்டைத் திட்டுவோமா, வியாபாரியைத் திட்டுவோமா? அண்ணாச்சிக்குப் புண்ணாக்கு விலை தெரியாது. தெரிந்திருந்தால் மாட்டு வண்டியில் வரச் சொல்லியிருக்க மாட்டார், நடந்து வரச் சொல்லியிருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நம் மண்ணிலேயே எடுத்தால் விலை குறையும் என்றார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அஸ்ஸாமில் டிக்பாயில் எண்ணெய் கண்டது 1889இல். பம்பாய்க் கடலில் கண்டது 1974இல். இத்தனை வருடம் தோண்டியும் இன்றைக்கு நூறு பீப்பாயில் 85க்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. 2011-12இல் நாடு முழுக்க 3.8 கோடி டன் எடுத்தோம், இப்போது மூன்று கோடியைக்கூடத் தொடவில்லை. கிணறுகளுக்கு வயதாகிவிட்டது. அது போகட்டும், இங்கே எடுக்கிற எண்ணெயை யாராவது மலிவாகவா தருகிறார்கள்? உலகச் சந்தையில் என்ன விலையோ அதை ஒட்டித்தான் உள்ளூர் எண்ணெய்க்கும் விலை. நம் கொல்லையில் குலை தள்ளிய வாழைத்தாரை நம் வீட்டுக்கே மார்க்கெட் விலைக்கு வாங்குகிற கணக்கு.

சரி, உலக விலை விழுந்தாலாவது குறைகிறதா? 2020 ஏப்ரலில் அமெரிக்க எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது, பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலர். எடுத்துக்கொண்டு போகிறவனுக்குக் கையில் காசு கொடுக்கிற நிலைமை! அடுத்த மாதமே நம்மிடம் மத்திய அரசின் வரி மட்டும் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 32 ரூபாய் 98 காசு. ஜூனில் பங்க் விலை மூன்று வாரம் கிட்டத்தட்ட தினமும் ஏறியது. மாநில வரி தனி, அதையும் சொல்லாவிட்டால் நடுவர் என்னை ஒரு கட்சிக்காரன் என்று நினைத்துவிடுவார். இந்த வரிச் சிக்கலில் தோண்டுவதற்கு எங்கே இடம் இருக்கிறது? தோண்ட வேண்டியது பட்ஜெட் காகிதத்தைத்தான்.

இந்த இடத்தில் எங்கள் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். களக்காட்டுப் பக்கம், வாழை விவசாயம், ஒரு டிவிஎஸ் 50. அப்போதெல்லாம் விலை ஏறினால் ராத்திரி பன்னிரண்டு மணி முதல் அமல் என்று சாயங்கால நியூஸில் சொல்வார்கள். அதைக் கேட்டதும் மாமாவுக்கு ஒரு வீரம் வரும் பாருங்கள். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் உதறிவிட்டு எழுந்துவிடுவார். "ஏட்டி, ரெண்டு ரூவா கூட்டிட்டானாம், நான் போய் நெறச்சிட்டு வந்துர்றேன்." பங்க் ஆறு கிலோமீட்டர். அங்கே கல்யாணப் பந்தி மாதிரி வரிசை. மாமா இன்ஜினை அணைத்துவிட்டுக் காலாலேயே தள்ளித் தள்ளி நகருவார், வரிசையில் நிற்கையில் பெட்ரோல் வீணாகக் கூடாதல்லவா. பக்கத்தில் நிற்கிறவருடன் அரசியல், ஒரு டீ, ரெண்டு உளுந்த வடை, பழக்கமானவர் வந்தால் அவருக்கும் ஒரு டீ. பதினொன்றே முக்காலுக்கு முறை வரும். டேங்க் மொத்தமே நாலு லிட்டர், அதில் ரெண்டரை ஏற்கனவே கிடக்கும். ஒன்றரை லிட்டர் போட்டுவிட்டு, பாகிஸ்தானை ஜெயித்த மாதிரி வீட்டுக்கு வருவார்.

அத்தை கேட்பாள்: "எவ்வளவு மிச்சம்?"

"மூணு ரூவா."

"டீ, வடை?"

"அது தனிக் கணக்கு."

ஒருநாள் நியூஸில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை, ரெண்டு ரூபாய் என்பது மட்டும் காதில் விழுந்தது, மாமா பறந்துவிட்டார். போனால் பங்க்கில் ஈ காக்கா இல்லை. "இன்னைக்கு நம்மதான் முந்திட்டோம்" என்று கம்பீரமாக டேங்க் மூடியைத் திறந்து நிரப்பச் சொல்லியிருக்கிறார். பையன் ஊற்றி முடித்துவிட்டுக் கேட்டானாம், "அண்ணாச்சி, நாளைக்கு ரெண்டு ரூவா குறையுதே, நாளைக்கு வந்திருக்கலாம்லா?" மாமா ஒரு நிமிஷம் அசையவில்லை. அப்புறம் மெதுவாக, "எய்யா, ஊத்துனதத் திரும்ப எடுத்துக்கிடுவியளா?" என்று கேட்டாராம்!

2017 ஜூன் 16 முதல் தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்று கொண்டுவந்தார்களே, அன்றைக்கு மாமாவின் வாழ்க்கையில் ஒரு சந்தோஷம் போய்விட்டது. பத்து பைசா, பன்னிரண்டு பைசா. எதற்கென்று ஓடுவார்? "எப்பம்லே கூட்டுனான், ஒண்ணும் தெரியலியே" என்று பல நாள் புலம்பினார்.

சிரித்தது போதும். தோண்டுகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று எதிரணியில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, அதனால் நான் சொல்கிறேன். 2017இல் தஞ்சாவூர்ப் பக்கம் கதிராமங்கலத்தில் வயலுக்குள் எண்ணெய்க் குழாய் கசிந்து ஊரே தெருவுக்கு வந்தது. 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அதே 2020 மே மாதம் அஸ்ஸாமில் பாக்ஜான் எரிவாயுக் கிணறு வெடித்தது, தீயணைக்கப் போன இரண்டு பேர் செத்தார்கள், பக்கத்துச் சதுப்பு ஏரி நாசமானது, கிணற்றை அடக்க நவம்பர் ஆனது. 2017 ஜனவரியில் எண்ணூர்ப் பக்கம் கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது எதை வைத்து அள்ளினார்கள்? பிளாஸ்டிக் வாளி! இப்போது குமரிக் கடலின் ஆழத்தில் துளைபோட ஏலம் விட்டிருக்கிறார்கள். பக்கத்தில்தான் வாட்ஜ் பேங்க், மீன் பெருகுகிற திட்டு. உவரியிலும் இடிந்தகரையிலும் கூட்டப்புளியிலும் கட்டுமரம் தள்ளுகிறவன் கையில் நாளைக்கு வாளியைக் கொடுப்பீர்களா?

மைக்கில் உர்ரென்று சத்தம் கேட்கிறதே, ஆடிக் காற்று. 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலைப் பண்ணை போட்டபோது சிரித்தவர்கள் உண்டு. இன்றைக்கு இந்த மேடையிலிருந்து தலையைத் திருப்பினால் எத்தனை காற்றாடி சுற்றுகிறது, எண்ணிப் பாருங்கள். மின்சார வண்டிக்கு மின்சாரம் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது என்று அண்ணாச்சி எழுந்திருப்பார், தெரியும். வருகிறதுதான், தூத்துக்குடி அனல் மின்நிலையம் எங்கே போயிற்று. அதனால்தான் வண்டியை மாற்று என்பதோடு நான் நிற்கவில்லை, வண்டியே தேவைப்படாமல் போகிற இடத்தைப் பார் என்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு நிமிஷம், நடுவர் ஐயா.

மாமா ஏன் அப்படி ஓடினார் என்று நானும் ரொம்ப நாள் கஞ்சத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். அத்தைதான் பிறகு சொன்னாள். கல்யாணமான புதிதில் அத்தைக்கு ஏழாம் மாதம், நடுராத்திரி வலி. கடைசி பஸ் எட்டு மணிக்கே போய்விட்டது. ஊரில் கார் கிடையாது. வண்டி இருக்கிறது, டேங்கில் சொட்டு இல்லை. அத்தையை வண்டியில் உட்காரவைத்து, ஒரு கையால் ஹேண்டிலையும் ஒரு கையால் அவளையும் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வரைக்கும் இருட்டில் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். அந்தப் பிள்ளை தங்கவில்லை. இருந்திருந்தால் என் வயது. அன்றிலிருந்து அந்த வண்டியில் பெட்ரோல் குறைந்து யாரும் பார்த்ததில்லை. மூன்று ரூபாய் மிச்சம் என்று எங்களிடம் சொன்னதெல்லாம் சும்மா.

நடுவர் சிரிக்கிறார், இது எதிரணிக்குச் சாதகமான கதை ஆயிற்றே என்று. இருக்கட்டும் ஐயா, மார்க்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாமா ஊரில் இன்றைக்கும் கடைசி பஸ் எட்டு மணிக்குத்தான். உங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று வருகிற வழியில் அண்ணாச்சியே சொன்னார். ராத்திரி ஒரு பஸ், ஆஸ்பத்திரியில் விடிய விடிய ஒரு நர்ஸ், இந்த ரெண்டையும் கேட்டு மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், வருகிற திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் கொடுக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். முதல் கையெழுத்து எதிரணித் தலைவர்தான், அண்ணாச்சி, எழுந்து வாருங்கள், பேனா இந்தா இருக்கு.