தண்ணி மேலே வரலைங்க டீச்சர்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க. பிள்ளைகளுக்குக் கதை சொல்லி மனத்திடத்தை வளர்ப்பது எப்படி என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் காங்கேயம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பாடம் எடுக்கிறவள், மனநல நிபுணர் எல்லாம் கிடையாது. அதனால் வகுப்பில் பார்த்ததை வைத்துத்தான் பேசப்போகிறேன், படித்ததில் ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொள்கிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் நடக்கிற ஒரு பேச்சிலிருந்து ஆரம்பிக்கலாம். பையன் பக்கத்திலேயே நிற்பான். அவன் தலையைத் தடவிக்கொண்டே அப்பா சொல்வார்: "இவனுக்குக் கணக்கு வராதுங்க டீச்சர், எங்க வம்சத்துக்கே வராது." பாசத்தில்தான் சொல்கிறார், நான் பையனைத் திட்டிவிடக் கூடாதே என்று முந்திக்கொள்கிறார். ஆனால் சொல்கிறவர் யார்? திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர். சனிக்கிழமை சம்பளம் போடும்போது இந்த வாரம் எத்தனை டஜன், டஜனுக்கு எவ்வளவு, வாங்கிய அட்வான்ஸ் போக மிச்சம் எவ்வளவு என்று காகிதமே இல்லாமல் பைசா சுத்தமாகச் சொல்லக்கூடிய மனுஷன். அவர் வம்சத்துக்குக் கணக்கு வராதாம்! பையன் அதைக் கேட்டுக்கொண்டே நிற்கிறான். உயரம், நிறம் மாதிரி கணக்கும் பிறக்கும்போதே வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை என்று முடிவு பண்ணிக்கொள்கிறான். அந்த முடிவை எட்டு வயதில் எடுத்துவிட்டான் என்றால் அப்புறம் நான் கரும்பலகையில் எதை எழுதினாலும் அவனுக்கு அது அடுத்த வீட்டுச் சமாச்சாரம்தான்.

சரி, இதற்குக் கதை என்ன செய்யும்?

விடாமுயற்சி என்றதும் எல்லாரும் முயல் ஆமை கதைக்குத்தான் போகிறார்கள். எனக்கு அந்தக் கதை மேல் அவ்வளவு மரியாதை இல்லைங்க. ஆமை ஜெயித்ததற்குக் காரணம் முயல் தூங்கியது. தூங்காமல் இருந்திருந்தால்? ஆமை வழியில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை, எங்கேயும் மாட்டிக்கொண்டு யோசிக்கவும் இல்லை. கதை கேட்கிற பிள்ளைகள் முதலில் செய்கிற வேலை என்ன தெரியுமா, "நீ முயல், நான் ஆமை" என்று ஆளாளுக்குப் பட்டம் கட்டிக்கொள்வதுதான். எதை உடைக்க வேண்டும் என்று நினைக்கிறோமோ அதையே கதை கட்டிக் கொடுத்துவிடுகிறது.

தாகமுள்ள காக்கா கதை அதைவிடப் பலமடங்கு மேல். ஆனால் அதை நாம் சொல்கிற விதம் இருக்கிறதே! "காக்கா கல்லைப் பொறுக்கிப் போட்டுச்சாம், தண்ணி மேலே வந்துச்சாம், குடிச்சிட்டுப் பறந்து போச்சாம்." முடிந்தது. முதல் கல் விழுந்தபோது தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கும்? கண்ணுக்கே தெரிந்திருக்காது. பத்தாவது கல்லுக்கும் பெரிசாக ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் காக்கா என்ன நினைத்தது? கதையில் பிள்ளைகளுக்கு வேண்டிய இடமே அதுதான், நாம் அதை ஒரே வரியில் தாண்டி விடுகிறோம்.

மூன்றாம் வகுப்பில் இதைச் செய்தே பார்த்தோம். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், கால்வாசித் தண்ணீர். பிள்ளைகள் மைதானத்தில் ஜல்லியும் கூழாங்கல்லும் பொறுக்கி வந்து ஒவ்வொன்றாகப் போட்டார்கள். போட்டார்கள், போட்டார்கள், கல் பாட்டிலின் வாய்வரைக்கும் வந்துவிட்டது, தண்ணீர் மட்டும் பாதியைக் கொஞ்சம் தாண்டி அங்கேயே நின்றுவிட்டது. "தண்ணி மேலே வரலைங்க டீச்சர்!" வகுப்பே திகைத்துப் போய் என்னைப் பார்க்கிறது. கதை பொய்யாகிவிட்டதே.

காரணம் இதுதான்: கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சந்து இருக்கிறது, தண்ணீர் முதலில் அந்தச் சந்துகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. குவித்துப் போட்ட ஜல்லியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு வெறும் இடம்தான், வீடு கட்டுகிறவர்களுக்கு இது தெரியும். பானையில் தண்ணீர் அதைவிடக் குறைவாக இருந்தால் காக்கா நாள் முழுக்கக் கல் போட்டாலும் குடிக்க முடியாது. இதை நான் சொல்லவில்லை. "அப்போ காக்கா என்ன பண்ணும்?" என்று மட்டும் கேட்டேன். ஒருத்தன் வேறு பானை தேடும் என்றான், அதுவும் நியாயமான பதில்தான். ஒருத்தி பாட்டிலைச் சாய்க்கலாம் என்றாள். கொஞ்ச நேரம் கூச்சல். அப்புறம் எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பொண்ணு பாட்டிலைக் கண் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ளே சந்து சந்தா இருக்குதுங்க, மண்ணு போட்டா அடைஞ்சிக்கும்" என்றாள். மணலை அள்ளி மேலே தூவித் தட்டித் தட்டி இறக்கினார்கள். தண்ணீர் ஏறி வழிந்தது, கலங்கலாகத்தான், ஆனால் ஏறியது. "இதைக் காக்கா குடிக்குமா?" என்று அடுத்த சண்டை ஆரம்பித்தது, அது பாட்டுக்கு மணி அடிக்கிற வரைக்கும் போயிற்று.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இதையே பறவைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ரூக் என்று ஒரு காக்கை இனம். குழாயில் மிதக்கிற புழுவை எடுக்க அவை கல்லைப் போட்டுத் தண்ணீரை உயர்த்தின என்று 2009இல் வெளியிட்டார்கள். அப்புறம் 2012இல் அதே மாதிரிச் சோதனையைக் குழந்தைகளுக்கு வைத்தார்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் முதல் தடவையிலேயே செய்துவிட்டார்கள். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் ஐந்து தடவை போலச் செய்து பார்த்துத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் தடவையில் வரவில்லை என்றால் மண்டையில் ஏறவில்லை என்று அர்த்தம் இல்லை, அந்த வயதுக்கு அவ்வளவு தடவை வேண்டியிருக்கிறது. நாம் இரண்டாவது தடவையிலேயே பென்சிலைப் பிடுங்கி எழுதிக் காட்டிவிடுகிறோம்.

அந்தப் பொண்ணை நான் என்ன சொல்லிப் பாராட்டினேன் என்று கேட்பீர்கள். "கெட்டிக்காரி" என்று வாய்வரை வந்துவிடும் நமக்கெல்லாம். கேரல் டுவெக் என்கிற அமெரிக்க உளவியலாளர், கிளாடியா மியூலர் என்பவரோடு சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்கள் கொடுத்தார்கள். நன்றாகச் செய்தாய் என்று சொல்லி, சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் சேர்த்துக்கொண்டார்கள். வித்தியாசம் அந்த ஒரு வாக்கியம்தான். அப்புறம் கடினமான புதிர்களைக் கொடுத்துத் திணறவிட்டு, மறுபடியும் முதலில் கொடுத்த மாதிரியே கொடுத்தபோது, புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் முன்னால் எடுத்ததைவிடக் குறைவாக எடுத்தார்கள், உழைத்தாய் என்று கேட்டவர்கள் கூடுதலாக எடுத்தார்கள். தான் எடுத்ததைக் கூட்டி எழுதிப் பொய் சொன்னவர்களும் முதல் குழுவில்தான் அதிகம். எனக்கு அதுதான் உறுத்தியது. பட்டத்தைக் காப்பாற்ற பிள்ளை பொய் சொல்கிறது.

அதற்காக "நல்லா முயற்சி பண்ணினே" என்று எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொண்டிருப்பதும் வேலைக்கு ஆகாது. டுவெக்கே பிற்பாடு இதைக் கண்டித்து எழுதியிருக்கிறார். வழி தப்பாக இருந்தால் உழைப்பு மட்டும் என்ன செய்யும், கல்லையே போட்டுக்கொண்டிருந்தால் பாட்டில் நிறைந்துபோகும், அவ்வளவுதான். அதனால் அந்தப் பொண்ணிடம் நான் சொன்னது, "எல்லாரும் மேலே பார்த்தப்போ நீ உள்ளே பார்த்திருக்கே கண்ணு" என்று. என்ன செய்தாள் என்பதை அவளுக்கே எடுத்துச் சொன்னால் போதும், நாளைக்கு அதை மறுபடியும் செய்வாள்.

அறிவு பிறவியிலேயே முடிந்துபோவதில்லை, வளரக்கூடியது என்கிற இந்த விஷயத்தை மந்திரம் மாதிரி விற்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துகிறார்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் செய்து 2019இல் வெளியான ஆய்வில், அறிவு வளரக்கூடியது என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகக் கணினியில் படித்த பிள்ளைகளில், படிப்பில் பின்தங்கியவர்களின் மதிப்பெண் நான்கு புள்ளி அளவுகோலில் சுமார் 0.1 உயர்ந்தது. சின்னப் பலன், ஆனால் உண்மையான பலன். அதுவும் சுற்றியிருக்கிற பிள்ளைகள் கஷ்டமான வேலையைக் கேலி பண்ணாத பள்ளிகளில்தான் நன்றாகத் தெரிந்தது. வீட்டில் ராத்திரி கதை சொல்லிவிட்டுக் காலையில் "பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை மார்க்?" என்று கேட்டால் கதை எங்கே நிற்கும்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பசியோடு வருகிற பிள்ளைக்குக் கதை சொல்லித் திடப்படுத்துகிற வேலையை நான் செய்ய மாட்டேன். 2022இல் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு முதல் பாடவேளையில் பிள்ளைகள் முகமே வேறு. அவர்களுக்குக் குறைவாக இருந்தது மனத்திடம் இல்லை, உப்புமா. அதே மாதிரி, அடிக்கிறவனிடமிருந்து தப்பிக்கச் சொல்லித் தர வேண்டிய இடத்தில் தாங்கிக்கொள்ளச் சொல்கிற கதைகள் நம்மிடம் ஏகப்பட்டது இருக்கிறது, பெண் பிள்ளைகளுக்கென்றே எடுத்து வைத்த மாதிரி. பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் சாமி வந்து காப்பாற்றும். அவற்றைச் சொல்வதானால் நடுவில் நிறுத்தி, "இவள் யார்கிட்டப் போய்ச் சொல்லியிருக்கலாம்?" என்று கேளுங்கள்.

நம்ம பக்கத்து உடுக்கடிப் பாட்டுக்காரர்களுக்கு இந்த நடுவில் நிற்கிற வித்தை தெரியும். பொன்னர், சங்கர் என்கிற அண்ணன் தம்பியைப் பற்றிய அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் பாடுவார்கள். அவர்கள் பிறப்பதற்கு முன்னாலேயே அவர்கள் அப்பன் குன்றுடையான் தாய் தகப்பன் இல்லாமல் பங்காளிகளிடம் படுகிற பாடு நீண்டுகொண்டே போகும், கூட்டம் எழுந்து போகாது. அம்மா வழிப் பாட்டி தாத்தாவான அமுச்சிகளும் அப்புச்சிகளும் அப்படித்தான் சொன்னார்கள், முடிவைச் சொல்லாமல் "மீதி நாளைக்கு" என்று விட்டுவிடுவார்கள். ஈரோட்டுப் பக்கம் பிறந்த பெரியசாமித் தூரன், பத்துத் தொகுதிகளில் குழந்தைகளுக்குக் கலைக்களஞ்சியமே கொண்டுவந்தவர், குழந்தை மனசைப் பற்றியும் எவ்வளவோ எழுதியிருக்கிறார். நமக்கு இது ஒன்றும் வெளியூர்ச் சரக்கு இல்லை. பள்ளிகளிலும் இப்போது வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை போட்டுச் சின்னச் சின்னக் கதைப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். ஓடு புத்தகத்தில் தடுமாறுகிற பிள்ளை வெட்கப்படாமல் நட புத்தகத்தை எடுத்துப் படிக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

இந்த வாரம் சொல்ல ஒரு கதை வேண்டுமென்றால் ஜி.டி. நாயுடு கதையைச் சொல்லுங்கள். 1893இல் கோவைப் பக்கம் கலங்கல் என்கிற ஊரில் பிறந்தவர், பள்ளிக்கூடம் பிடிக்காமல் விட்டவர், ஒரு மோட்டார் சைக்கிள் மேல் ஆசைப்பட்டு ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, ஓட்டுவதற்குப் பதிலாகப் பிரித்துப் போட்டவர். இதுவரைக்கும் எல்லாரும் சொல்வார்கள், மேதை என்று முடிப்பார்கள். அதற்குப் பிறகு திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் சம்பாதித்ததைப் பம்பாய்ப் பருத்தி வியாபாரத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார், அந்த இடத்தில் நிறுத்துங்கள். "இப்போ இவர் என்ன பண்ணுவார்?" எங்கள் வகுப்பில் "அழுவாருங்க" என்றான் ஒருவன், "மறுபடியும் ஓட்டலுக்குப் போவாரு" என்றாள் ஒருத்தி, "ஊருக்கு வர வெட்கமா இருந்திருக்கும்" என்றது இன்னொரு குரல். மூன்றும் ரொம்ப நாள் பேச வேண்டிய பதில்கள். பேசி முடித்த பிறகுதான் 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் அவர் ஓட்டிய ஒற்றை பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். உடனே ஒரு கை தூக்கியது: "அந்த பஸ் வழியில நின்னு போகலைங்களா டீச்சர்?"

அவர்கள் கேள்வி அங்கே போய்விட்டது. நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். வணக்கமுங்க.