புனாக்கன் சுவர்

வணக்கம் நேயர்களே. இந்தோனேசியாவில் சுலவேசித் தீவின் வடகோடியில் மனாடோ என்றொரு நகரம். அதற்கு எதிரே கடலில் புனாக்கன் தீவு, 1991-இல் தேசியக் கடல் பூங்கா ஆனது. கரையோரம் ஆழமில்லாத பவளத் திட்டு. கொஞ்ச தூரம் போனால் தரை சட்டென்று முடிந்து, பவளச் சுவர் செங்குத்தாக இறங்குகிறது. அப்பால் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமான கடல்.

ஸ்கூபா சிலிண்டரோடு இறங்கியதும் ஆமை, சுறா என்று தேடிக்கொண்டு சுவர் நெடுக நீந்தத்தான் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். ஒரு கதவளவு இடத்தைத் தேர்ந்து, அதன் எதிரில் அப்படியே மிதந்து பாருங்கள்.

சுவரில் வாழ்பவற்றில் பல நகரவே நகராதவை. நீரோட்டம் கொண்டுவருவதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. அதனால்தான் கடல் விசிறி என்ற பவள வகை, மீனவர் வலை கட்டுவது போல, ஓட்டத்துக்குக் குறுக்காக விரிந்து நிற்கிறது. பக்கத்தில் பீப்பாய் அளவு கடற்பஞ்சு தண்ணீரை உள்ளிழுத்து, இரையை வடிகட்டி, வெளியே விடுகிறது. முதலில் எல்லாம் நீலச் சாம்பலாகத்தான் தெரியும். தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும். டார்ச் அடியுங்கள், இரத்தச் சிவப்பும் ஆரஞ்சும் குப்பென்று எழும்.

அந்த விசிறியிலேயே இரண்டு சென்டிமீட்டர் கடற்குதிரை ஒன்று இருக்கலாம். விசிறியின் மொட்டுகள் போலவே அதன் உடம்பெல்லாம் புடைப்புகள். 1969-இல் நியூ கலிடோனியாவில் எடுத்த விசிறி ஒன்றை ஆய்வகத்தில் பார்த்தபோதுதான் அப்படி ஓர் உயிர் இருப்பதே தெரியவந்தது!

நாம் போக முடியாத ஆழத்திலும் ஆள் இருக்கிறது. 1998-இல் பக்கத்துத் தீவான மனாடோ துவாவில் மீனவர் வலையில் ஒரு சீலகந்த் சிக்கியது. டைனோசர்களோடு அழிந்துவிட்டதாக 1938 வரை நம்பப்பட்ட மீன் இனம் அது.

சரி, ஒரு எச்சரிக்கை. சுவரோரம் காலுக்குக் கீழே தரை கிடையாது. தண்ணீர் தெளிவாக இருப்பதால் இறங்குவதே தெரியாது. முப்பது மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு. காற்றும் அதே வேகத்தில் தீரும். அதற்கும் கீழே நைட்ரஜன் மயக்கம் புத்தியை மழுங்கடிக்கும். அடிக்கடி ஆழம் காட்டும் கருவியைப் பாருங்கள். தடுமாறினால் சுவரைப் பிடிக்காதீர்கள், பல வருட வளர்ச்சி ஒரே பிடியில் உடைந்துவிடும்.

மேலே வரும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். சுவரின் விளிம்பு கிட்டத்தட்ட அந்த ஆழம்தான். வெயில் விழுவதால் மீன் கூட்டம் அங்கேதான் அதிகம். காற்று மிச்சமிருந்தால் நான் இன்னும் பத்து நிமிடம் அங்கேயே இருந்துவிடுவேன். நன்றி, வணக்கம்.